வெறுமையும் சுழியமும்: அஞ்சல் வழங்கிக் கண்காணிப்பில் வெற்று வரைபடங்களின் காரணம் காணும் முறை

ஆய்வுச் சுருக்கம்

அஞ்சல் வழங்கிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்களில் வரைபடம் கோடின்றி வெறுமையாகத் தோன்றுவது நிருவாகிகள் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல். இவ்வெறுமையை ‘மடல் போக்குவரத்து இல்லை’ என்று கொள்வது பிழை. ‘போக்குவரத்து இருந்ததா என்பது அறியப்படவில்லை’ என்பதே அதன் பொருள். சுழியம் ஓர் அளவீடு. வெறுமை அளவீடு இன்மை. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, பதிவுக்கோப்பு, சேகரிப்பான், சேமிப்பகம், வரைவான் என்னும் நான்கு நிலைகளில் தரவு எங்கே அறுபடுகிறது என்பதைக் கண்டறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் வழங்கியும், ஆர்ஆர்டிடூல் சேமிப்பகத்தின் மீது இயங்கும் மெயில்கிராஃப், முனின் ஆகிய கருவிகளும் முதன்மை எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. பழுது நீக்கும் செயலே சில வேளைகளில் வெறுமையைப் பொய்ச் சுழியமாக மாற்றிச் சான்றை அழித்துவிடும் என்பதும் எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்: அஞ்சல் வழங்கி, கண்காணிப்பு, வெற்று வரைபடம், அறியப்படாத மதிப்பு, பதிவுக்கோப்பு, ஆர்ஆர்டிடூல், மெயில்கிராஃப், முனின்

1. முன்னுரை

அஞ்சல் வழங்கியின் பழுது பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்வது. இணையத்தளம் முடங்கினால் பயனர் உடனே அறிவார். மடல் முடங்கினால், அனுப்பியவர் அது சென்றுவிட்டது என்று நம்பியிருப்பார். பெற வேண்டியவரோ அப்படி ஒரு மடல் உண்டு என்பதையே அறியார். போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளின் இயல்பமைப்பில், சேர்ப்பிக்க முடியாத மடல் 5 நாள்கள் வரை வரிசையில் வைக்கப்பட்டு மீண்டும் மீண்டும் முயலப்படுகிறது. அதன் பின்னரே அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. இடைப்பட்ட காலத்தில் ‘மடல் தாமதமாகிறது’ என்று அனுப்பியவருக்கு அறிவிக்கும் வசதியும் இயல்பமைப்பில் அணைக்கப்பட்டே இருக்கிறது. ஆகவே திங்கட்கிழமை அனுப்பிய விண்ணப்பம் சென்று சேரவில்லை என்பது சனிக்கிழமையே தெரியவரலாம்.

இந்த 5 நாள் மௌனத்தை முன்கூட்டியே உடைக்கக்கூடியது கண்காணிப்பு வரைபடம். வரிசையில் மடல்கள் தேங்குவதையும், திரும்பும் மடல்கள் பெருகுவதையும் அது சில நிமிடங்களில் காட்டிவிடும். அவ்வரைபடமே வெறுமையாகிவிட்டால் எஞ்சியிருந்த எச்சரிக்கையும் இல்லாமற்போகிறது. அதனினும் தீங்கானது, அவ்வெறுமையை அமைதி என்று பிறழ உணர்வது. ஆகவே வெற்று வரைபடத்தை அழகுக்குறையாகக் கருதாமல் ஒரு பழுதின் அறிகுறியாகவே கொள்ளுதல் வேண்டும்.

2. தரவு செல்லும் வழி

வரைபடத்தில் ஒரு புள்ளி தோன்றுவதற்கு முன் தரவு நான்கு நிலைகளைக் கடக்கிறது. மெயில்கிராஃப் என்னும் கருவியைக் கொண்டு இதனை விளக்கலாம். பெர்ல் மொழியில் டேவிட் ஷ்வைக்கெர்ட் எழுதிய இக்கருவி, போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில் ஆகியவற்றின் பதிவுகளைப் படித்து, அனுப்பப்பட்டவை, பெறப்பட்டவை, திரும்பியவை, மறுக்கப்பட்டவை முதலிய எண்ணிக்கைகளை நாள், வாரம், மாதம், ஆண்டு என்னும் நான்கு கால அளவுகளில் வரைந்து காட்டுகிறது.

முதல் நிலை பதிவுக்கோப்பு. அஞ்சல் வழங்கி ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு வரியாக எழுதச் செய்கிறது. இரண்டாம் நிலை சேகரிப்பான். பின்னணியில் இயங்கும் நிரல் ஒன்று அவ்வரிகளை வந்தவுடன் படித்து நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுகிறது. மூன்றாம் நிலை சேமிப்பகம். எண்ணிக்கைகள் ஆர்ஆர்டிடூல் வடிவக் கோப்பில் இடப்படுகின்றன. நான்காம் நிலை வரைவான். உலாவி பக்கத்தைக் கேட்கும்போது வலை வழங்கியின் கீழ் இயங்கும் நிரல் அக்கோப்பைப் படித்துப் படமாக்குகிறது.

முனின் கருவியில் இரண்டாம் நிலை சற்று வேறுபடுகிறது. அங்கே 5 நிமிடத்துக்கு ஒருமுறை செருகுநிரல்கள் இயக்கப்படுகின்றன. வரிசையைக் கணக்கிடும் செருகுநிரல் பதிவுக்கோப்பைப் படிப்பதில்லை. போஸ்ட்ஃபிக்ஸின் வரிசைக் கோப்புறைகளிலுள்ள கோப்புகளை நேரடியாக எண்ணுகிறது. ஆயினும் மூலம், சேகரிப்பு, சேமிப்பு, வரைவு என்னும் வரிசை மாறுவதில்லை. ஒவ்வொரு நிலையும் வெவ்வேறு பயனர் உரிமையின் கீழ் இயங்கலாம் என்பது இங்கே கருதத்தக்கது. மூலத்தை எழுதுபவருக்கு உள்ள உரிமை அதனைப் படிப்பவருக்கு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வெற்று வரைபடங்களில் பல இந்த எல்லைகளில்தான் பிறக்கின்றன.

3. வெறுமையின் நான்கு தோற்றங்கள்

‘வரைபடம் வரவில்லை’ என்னும் ஒரே முறையீட்டின் கீழ் நான்கு வேறுபட்ட நிலைமைகள் அடங்குகின்றன. எது என்று முதலில் பிரித்தறிந்தால் தேட வேண்டிய இடம் குறுகிவிடும்.

முதலாவது, படமே தோன்றாமை. உடைந்த படக்குறி மட்டும் தெரியும். அளவுகோலும் சட்டமும் இரா. இதில் பழுது பெரும்பாலும் நான்காம் நிலையைச் சார்ந்தது. தரவு பாதுகாப்பாகவே இருக்கக்கூடும்.

இரண்டாவது, சட்டமும் அளவுகோலும் இருந்து கோடு இன்மை. படத்தின் அடியிலுள்ள விளக்கத்தில் எண்ணுக்கு மாறாக ‘எண் அன்று’ என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சுருக்கம் காணப்படும். வரைவான் தன் பணியைச் செய்துவிட்டது. சேமிப்பகத்தில் அறிந்த மதிப்பு இல்லை.

மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட நேரம் வரை கோடு இருந்து பின்னர் அறுபட்டிருத்தல். இது நிருவாகிக்குக் கிடைக்கும் சிறந்த சான்று. அறுபட்ட நேரத்தில் வழங்கியில் என்ன மாற்றம் நிகழ்ந்தது என்பதே முதல் வினாவாக வேண்டும்.

நான்காவது, கோடு சுழியத்தில் படிந்து கிடத்தல். பார்வைக்கு வெறுமை போலத் தோன்றினும் இது வெறுமையன்று. விளக்கத்தில் 0 என்னும் எண் இருக்கும். சேகரிப்பான் இயங்குகிறது, ஆனால் எண்ணத்தக்க எதனையும் அது காணவில்லை, அல்லது கண்டும் அடையாளம் காணவில்லை.

4. சேமிப்பகத்தின் இலக்கணம்

டோபியாஸ் ஓட்டிக்கர் உருவாக்கி 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்ஆர்டிடூல், கால வரிசைத் தரவுகளுக்கான சேமிப்பகம். அதன் கோப்பு உருவாகும்போதே முழு அளவைப் பெற்றுவிடுகிறது, பின்னர் வளர்வதில்லை. பழைய மதிப்புகளின் மீது புதியவை சுற்றிச் சுற்றி எழுதப்படுகின்றன. இச்சேமிப்பகம் சுழியத்தையும் அறியப்படாத மதிப்பையும் தெளிவாக வேறுபடுத்துகிறது. மதிப்பு எப்போது அறியப்படாததாகக் கொள்ளப்படும் என்பதற்கு அது சில விதிகளை வைத்திருக்கிறது.

4.1 காத்திருப்பு வரம்பு

ஒவ்வொரு தரவு மூலத்துக்கும் ‘ஹார்ட்பீட்’ எனப்படும் காத்திருப்பு வரம்பு உண்டு. இரண்டு இடுகைகளுக்கு இடையே இவ்வரம்பைவிட மிகுதியான நேரம் கழிந்தால் அவ்விடைவெளி முழுவதும் அறியப்படாததாகிறது. மெயில்கிராஃபில் படி இடைவெளி 60 நொடி. காத்திருப்பு வரம்பு அதன் இருமடங்கான 120 நொடி.

இவ்விதியால் விளையும் ஒரு பழுது குறிப்பிடத்தக்கது. படி இடைவெளி 300 நொடி, வரம்பு 600 நொடி என்று அமைந்த கோப்பு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வழங்கியின் சுமையைக் குறைக்கக் கருதிய ஒருவர், சேகரிக்கும் பணியை 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்பதிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றிவிடுகிறார். இனி ஒவ்வொரு இடுகையும் 900 நொடிக்குப் பின்னரே வரும். 900 என்பது 600ஐ விட மிகுதி. ஆகவே வரும் மதிப்புகள் அனைத்தும் சரியானவையாக இருந்தும், ஒன்றுகூட வரைபடத்தில் ஏறாது. கோப்பு மாற்றப்பட்ட நேரத்தைப் பார்ப்பவர், ‘இடுகைகள் நிகழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன’ என்று முடிவுகட்டி வேறிடத்தில் தேடத் தொடங்குவார். கோப்பின் நேரத்தைப் பாராமல், ‘ஃபெட்ச்’ கட்டளையால் அதனுள் உள்ள மதிப்புகளையே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும். வரம்பின் அளவை ‘இன்ஃபோ’ கட்டளையால் அறியலாம். ‘டியூன்’ கட்டளையால் கோப்பை அழிக்காமலே மாற்றலாம்.

4.2 தொகுப்பு விதி

நிமிட அளவிலான மதிப்புகள் மணி, நாள் அளவுகளில் தொகுக்கப்படும்போது, எவ்வளவு பங்கு அறியப்படாததாக இருக்கலாம் என்பதற்கு ஒரு பின்னம் குறிக்கப்படுகிறது. அது பெரும்பாலும் 0.5. அதாவது 5 நிமிட மதிப்புகள் 12 சேர்ந்து ஒரு மணி நேர மதிப்பாகும்போது, அவற்றுள் 6 வரை அறியப்படாதவையாக இருக்கலாம். 7 ஆனால் அந்த மணி நேரமே அறியப்படாததாகிவிடும். நாள் வரைபடத்தில் துண்டு துண்டாகக் கோடு தெரிய, ஆண்டு வரைபடம் முற்றிலும் வெறுமையாக இருப்பதன் காரணம் பல வேளைகளில் இதுவே. இங்கே இரண்டு வரைபடங்களும் உண்மையையே சொல்கின்றன; சேகரிப்பு விட்டுவிட்டு நிகழ்கிறது என்பதே அவ்வுண்மை.

4.3 மேல்வரம்பும் மூலத்தின் வகையும்

தரவு மூலத்துக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் குறிக்கலாம். அவற்றைக் கடந்த மதிப்பு வெட்டிச் சுருக்கப்படுவதில்லை, அறியப்படாததாகவே மாற்றப்படுகிறது. வரிசையின் நீளத்துக்கு மேல்வரம்பு 1000 என்று வைத்திருந்தால், எரிமடல் பெருக்கில் வரிசை 5000ஐ எட்டும் நாளில் வரைபடம் உயராது, மறைந்துவிடும். எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் வேளையில் கருவி வாய்மூடிக்கொள்கிறது.

வகையும் கருதத்தக்கது. தொடர்ந்து ஏறிச் செல்லும் எண்ணியைப் பதியும் ‘கவுண்டர்’, ‘டிரைவ்’ வகைகள் இரண்டு அளவீடுகளின் வேறுபாட்டைக் கொண்டே மதிப்பைப் பெறுகின்றன. ஆகவே முதல் அளவீட்டில் எதுவும் தோன்றாது. கீழ்வரம்பு 0 என்று அமைந்த ‘டிரைவ்’ வகையில், வழங்கி மறுதொடக்கம் பெற்று எண்ணி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்போது எதிர்மறை வேறுபாடு கிடைத்து அவ்விடம் வெறுமையாகும். இது பழுதன்று, பொய்யான ஒரு சிகரத்தை வரைவதினும் வெறுமையே நேர்மையானது என்னும் தெரிவு.

5. மூல நிலையிலும் சேகரிப்பு நிலையிலும் எழும் பழுதுகள்

5.1 படிக்கும் உரிமை

டெபியன் வகை இயங்குதளங்களில் அஞ்சல் பதிவுக்கோப்பை எல்லாரும் படிக்க இயலாது. நிருவாகக் குழுவைச் சேர்ந்த பயனருக்கே அவ்வுரிமை உண்டு. செருகுநிரல் வேறொரு பயனரின் பெயரில் இயங்கினால் வெறுங்கையோடு திரும்பும். நிருவாகி தாம் முதன்மைப் பயனராக நுழைந்து அதே நிரலைச் சோதிக்கும்போது அது செவ்வனே இயங்கும், குழப்பம் மிகும். ஆகவே சோதனையை, நிரல் வழக்கமாக இயங்கும் பயனர் பெயரிலேயே செய்ய வேண்டும். முனினில் ‘முனின்-ரன்’ கட்டளை இதற்காகவே உள்ளது. இதற்கு மறுதலையான பிழையும் உண்டு: திரட்டும் பணியை ஒருமுறை முதன்மைப் பயனராக இயக்கிவிட்டால் புதிய கோப்புகள் அவர் பெயரில் உருவாகிவிடும்; பின்னர் உரிய பயனரால் அவற்றில் எழுத இயலாது.

5.2 பதிவுக்கோப்புச் சுழற்சி

பதிவுக்கோப்புகள் குறித்த காலத்துக்கொருமுறை பெயர் மாற்றப்பட்டுப் புதிய கோப்பு தொடங்கப்படுகிறது. லினக்சில், திறந்து வைத்திருக்கும் கோப்பின் பெயர் மாறினாலும் நிரல் அதே பழைய கோப்பைத்தான் பற்றியிருக்கும். மாற்றத்தை உணரும் வகையில் எழுதப்படாத சேகரிப்பான், இனி ஒருபோதும் வளராத கோப்பின் வாலைப் பார்த்தபடி காத்திருக்கும். சுழற்சி நிகழும் நேரத்தில் நாள்தோறும் அல்லது வாரந்தோறும் தவறாமல் கோடு அறுபடுவது இதன் அடையாளம்.

5.3 வரியின் வடிவம்

சேகரிப்பான் பதிவு வரியை ஒரு வாய்பாட்டுடன் ஒப்பிட்டே அடையாளம் காண்கிறது. வரியின் வடிவம் மாறினால் எண்ணிக்கை சுழியமாகும். ஆர்எஃப்சி 3164 விவரிக்கும் பழைய பதிவு முறையில் மாதம், நாள், மணி ஆகியவை மட்டுமே உண்டு. ஆண்டும் நேர வலயமும் இல்லை. 2009இல் வெளிவந்த ஆர்எஃப்சி 5424 இரண்டையும் சேர்த்தது. 2023இல் வெளிவந்த டெபியன் 12இல், ஆர்சிஸ்லாக் நிரல் எழுதும் நேரக்குறியின் இயல்பு வடிவம் புதிய முறைக்கு மாறியது. புதிதாக நிறுவும் கணினிகளில் அந்நிரலே இயல்பாக இடம்பெறுவதில்லை. பதிவுகள் சிஸ்டம்டியின் இதழேட்டில் சேர்கின்றன. பழைய வடிவத்தை மட்டும் அறிந்த சேகரிப்பான், இயங்குதள மேம்பாட்டுக்கு மறுநாள் காலையில் வாயடைத்து நிற்பதற்கு இவை இயல்பான காரணங்கள்.

நிரலின் பெயரும் வரியின் ஒரு பகுதியே. போஸ்ட்ஃபிக்ஸில் ‘சிஸ்லாக்_நேம்’ என்னும் அமைப்பை மாற்றினால் வரியில் தோன்றும் பெயர் மாறும். பயனர்கள் மடலை ஒப்படைக்கும் வாயிலுக்கு மட்டும் தனிப்பெயர் சூட்டுவது பரவலான வழக்கம். அப்போது அவ்வாயில் வழியே வந்த மடல்கள் மட்டும் எண்ணப்படாமல் போகலாம். அனுப்பப்பட்டவை கோடாகத் தெரிய, பெறப்பட்டவை சுழியத்தில் கிடக்கும் பாதி வெறுமைக்கு இது ஒரு காரணம்.

5.4 தனிமைச் சிறை

போஸ்ட்ஃபிக்ஸின் உட்கூறுகள் சில, பாதுகாப்புக் கருதித் தனித்த கோப்புறை ஒன்றினுள் அடைக்கப்பட்டு இயங்கும். அங்கிருந்து பதிவு எழுதுவதற்கான வாயில் அக்கோப்புறைக்குள்ளும் இருத்தல் வேண்டும். அவ்வாயில் காணாமற்போனால் அடைபட்ட கூறுகளின் வரிகள் மட்டும் பதிவில் வாரா. மடல் ஓடிக்கொண்டிருக்கும்; பதிவு இராது. 2019இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் 3.4 பதிப்பு, புறப் பதிவு நிரலைச் சாராமல் தானே கோப்பில் எழுதும் வசதியைத் தந்தது. அதனைப் பயன்படுத்தும் இடங்களில் சேகரிப்பானுக்கும் புதிய கோப்பின் இடத்தைத் தெரிவிக்க மறக்கலாகாது.

6. காலம் பிறழ்தல்

ஆர்ஆர்டிடூல் காலத்தில் முன்னோக்கி மட்டுமே செல்லும். கடைசி இடுகையின் நேரத்துக்கு முற்பட்ட எந்த மதிப்பையும் அது ஏற்காது. கணினிக் கடிகாரம் ஒருமுறை தவறி எதிர்காலத்துக்குத் தாவி, அப்போது ஓர் இடுகையும் நிகழ்ந்துவிட்டால், கடிகாரம் திருத்தப்பட்ட பின்னர் வரும் சரியான மதிப்புகள் யாவும் பழையவை என்று மறுக்கப்படும். உண்மையான நேரம் அந்தத் தவறான நேரத்தை எட்டும் வரை வரைபடம் வெறுமையாகவே இருக்கும். ஓராண்டு தாவியிருந்தால் ஓராண்டு காத்திருக்க நேரும். ‘லாஸ்ட்அப்டேட்’ கட்டளை எதிர்கால நேரம் ஒன்றைக் காட்டினால் இதுவே காரணம் என்று துணியலாம்.

நேர வலயப் பிறழ்வு இதனினும் நுட்பமானது. பழைய வடிவப் பதிவு வரியில் வலயக் குறிப்பு இல்லாமையால், எழுதும் நிரலும் படிக்கும் நிரலும் ஒரே வலயத்தைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஒரு வழங்கியில் எழுதும் நிரல் உலகப் பொது நேரத்திலும் படிக்கும் நிரல் இந்திய நேரத்திலும் இயங்குவதாகக் கொள்வோம். பொது நேரம் 10.00 மணிக்கு எழுதிய வரியைப் படிப்பவர் இந்திய நேரம் 10.00 என்று கொள்வார். அது பொது நேரம் 4.30க்கு உரியது. விளைவாக வரைபடத்தின் வலப்புறத்தில் கடைசி ஐந்தரை மணி நேரம் எப்போதும் வெறுமையாக இருக்கும். வெறுமையின் அகலம் நாள்தோறும் மாறாமல், வலய வேறுபாட்டுக்குச் சமமாக இருப்பதே இப்பழுதின் முத்திரை. வலயத்தை மாற்றிய பின் பதிவு நிரல், அஞ்சல் வழங்கி, சேகரிப்பான் மூன்றையும் மறுதொடக்கம் செய்வது இதற்கு மருந்து.

7. வரைவு நிலையில் எழும் பழுதுகள்

படமே தோன்றாத நிலையில் முதலில் நோக்க வேண்டியது வலை வழங்கியின் பிழைப்பதிவு. நிரல்களை இயக்கும் கூறு முடுக்கப்படாமை, படத்தைத் தற்காலிகமாக எழுதும் கோப்புறையில் உரிமை இன்மை, வட்டு நிறைந்திருத்தல் ஆகியவை அங்கே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். வட்டு நிறைவு தனித்துக் கருதத்தக்கது. அது படத்தை மட்டும் நிறுத்துவதில்லை; பதிவுக்கோப்பு வளர இடமின்றிப் போகிறது; வரிசைக்கு வேண்டிய இடம் குறையும்போது போஸ்ட்ஃபிக்ஸ் புதிய மடல்களை ஏற்க மறுக்கிறது. வரைபடமும் மடலும் ஒரே காரணத்தால் நின்றிருக்கும்.

சேமிப்பகக் கோப்புகளை வேறு கணினிக்கு மாற்றும்போதும் பழுது நேரலாம். அக்கோப்பின் அமைப்பு கணினியின் கட்டமைப்பைச் சார்ந்தது. 32 பிட் கணினியில் உருவான கோப்பை 64 பிட் கணினிக்கு அப்படியே படியெடுத்தால் அது திறக்காது. பழைய கணினியில் ‘டம்ப்’ கட்டளையால் எக்ஸ்எம்எல் உரையாக்கி, புதிய கணினியில் ‘ரீஸ்டோர்’ கட்டளையால் மீட்க வேண்டும்.

எழுத்துருவும் கவனிக்கத்தக்கது. 1.3 பதிப்பு முதல் ஆர்ஆர்டிடூல் எழுத்துகளை வரைய பாங்கோ நிரலகத்தைப் பயன்படுத்துகிறது. எழுத்துருக்கள் நிறுவப்படாத சிறு வழங்கியில் கோடுகள் இருந்தும் அளவுகளும் விளக்கங்களும் வெற்றுக் கட்டங்களாகத் தோன்றும். விளக்கச் சொற்களைத் தமிழில் அமைப்போர் தமிழ் எழுத்துருவை வழங்கியிலேயே நிறுவ வேண்டும். படம் அங்கே வரையப்படுவதால், பார்ப்பவரின் கணினியில் எழுத்துரு இருப்பது பயன் தராது.

8. புதிய கருவிகளிலும் தொடரும் சிக்கல்

புரோமிதியஸ், கிராஃபனா ஆகிய புதிய கருவிகளில் சேமிப்பு முறை வேறு; ஆயினும் வெறுமையின் இலக்கணம் ஒன்றே. புரோமிதியஸின் இயல்பமைப்பில் அளவீடு 1 நிமிடத்துக்கு ஒருமுறை திரட்டப்படுகிறது. வீதம் காண ஒரு கால அளவினுள் இரண்டு அளவீடுகளாவது வேண்டும். கால அளவை 1 நிமிடம் என்று எழுதினால் இரண்டாம் அளவீடு அதனுள் அகப்படாமல் விடை வெறுமையாகும். 4.1இல் கண்ட பழுதின் மறுவடிவமே இது.

இன்னொன்று: ஒரு வகைப் பிழை ஒருமுறையும் நிகழாத வரை, அதற்கான எண்ணி தொடங்கி வைக்கப்படாதிருந்தால், அத்தொடரே இருக்காது. அங்கே ‘பிழை சுழியம்’ என்பதும் ‘அளவீடு இல்லை’ என்பதும் ஒரே தோற்றம் கொள்கின்றன. திரட்டல் வென்றதா என்பதைக் காட்டும் ‘அப்’ என்னும் தொடரை உடன் வைத்து நோக்கினால்தான் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலும். கிராஃபனாவில் ‘கடந்த ஒரு மணி நேரம்’ என்பது பார்ப்பவரின் உலாவி கருதும் நேரத்தைச் சார்ந்தது. பார்ப்பவர் கணினியின் கடிகாரம் பிறழ்ந்திருந்தால் அவருக்கு மட்டும் வரைபடம் வெறுமையாகத் தோன்றும்.

9. பழுது நீக்கம் சான்றை மாற்றுதல்

மெயில்கிராஃபின் இயக்கத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. அது கணினிக் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவதில்லை. பதிவு வரியில் உள்ள நேரத்தைப் பார்த்தே எழுதுகிறது. புதிய நிமிடத்துக்குரிய வரி வரும்போதுதான் முந்தைய நிமிடத்தின் எண்ணிக்கையை இடுகிறது. இடையில் நிமிடங்கள் விடுபட்டிருந்தால் அவை ஒவ்வொன்றுக்கும் சுழியத்தை எழுதி நிரப்பிவிடுகிறது. மடல் குறைவாக வரும் சிறு வழங்கிகளுக்கு இது பொருத்தமான ஏற்பாடு.

ஆனால் பதிவு நிரல் 6 மணி நேரம் நின்றிருந்தது என்று கொள்வோம். அக்காலம் முழுவதும் வரைபடம் வெறுமையாக இருக்கும். நிருவாகி காரணத்தைக் கண்டு பதிவு நிரலை மீண்டும் இயக்குகிறார். முதல் வரி வந்ததும் மெயில்கிராஃப் அந்த 6 மணி நேரத்தையும் சுழியங்களால் நிரப்புகிறது. சற்று முன் ‘தெரியாது’ என்றிருந்த வரைபடம் இப்போது ‘ஒன்றும் வரவில்லை’ என்று சாதிக்கிறது. உண்மையில் அந்நேரத்தில் ஆயிரக்கணக்கான மடல்கள் போயிருக்கலாம். மாத இறுதியில் அறிக்கை எழுதுபவர் அச்சுழியத்தை அளவீடு என்றே கொள்வார். நின்றிருந்தது சேகரிப்பானே எனினும், அக்காலத்துப் பதிவுகள் சுழற்சியில் பழைய கோப்புக்குச் சென்றிருந்தால் இதே விளைவுதான்.

ஆகவே பழுது நீக்குமுன் சேமிப்பகக் கோப்பைப் படியெடுத்து வைப்பதும், அறுபட்ட நேரத்தையும் மீண்ட நேரத்தையும் குறித்து வைப்பதும் இன்றியமையாதவை. ‘கோப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குக’ என்னும் பரவலான அறிவுரை பழைய வரலாற்றையும் பழுதின் சான்றையும் ஒருங்கே அழிப்பதாகும். அதனைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும்.

10. சோதனை வரிசை

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பின்வரும் வரிசை முன்வைக்கப்படுகிறது.

1. முதலில் மடலைச் சோதிக்கவும், வரைபடத்தை அன்று. வரிசையில் எத்தனை மடல்கள் நிற்கின்றன என்று அஞ்சல் வழங்கியையே கேட்கவும். சோதனை மடல் ஒன்றை அனுப்பி அது சேர்வதைக் காணவும்.
2. வட்டில் இடம் உள்ளதா, கடிகாரமும் நேர வலயமும் சரியா என்று பார்க்கவும்.
3. நான்கு தோற்றங்களுள் எது என்று வகைப்படுத்தவும். அறுபட்ட நேரத்தைக் குறிக்கவும்.
4. சேமிப்பகக் கோப்பைப் படியெடுக்கவும்.
5. சேமிப்பகத்தில் கடைசி மதிப்புகளை எடுத்துப் பார்க்கவும். எண்கள் இருப்பின் பழுது வரைவு நிலையில். அறியப்படாதவையாக இருப்பின் சேமிப்பு விதிகளிலோ அதற்கு முன்போ.
6. காத்திருப்பு வரம்பு, மேல்வரம்பு, சேகரிக்கும் இடைவெளி மூன்றையும் ஒப்பிடவும்.
7. சேகரிப்பானை அதன் சொந்தப் பயனர் பெயரில் இயக்கி அது தரும் விடையைக் காணவும்.
8. சோதனை மடலுக்குரிய வரி பதிவுக்கோப்பில் தோன்றுகிறதா, அதன் வடிவம் சேகரிப்பான் எதிர்பார்ப்பதுதானா என்று பார்க்கவும்.

ஐந்தாம் படி நடுவிலிருந்து தொடங்குவது கருதியே வைக்கப்பட்டது. நான்கு நிலைகளின் நடுவே நின்று பார்த்தால் ஒரே சோதனையில் தேடுபரப்பின் ஒரு பாதி நீங்கிவிடுகிறது.

11. முடிவுரை

வெற்று வரைபடம் சொல்லும் செய்தி ஒன்றே: ‘நான் பார்க்கவில்லை’. அதனை ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று படிப்பவர் அளவீடு இன்மையை அளவீடாகக் கொள்கிறார். மேல்வரம்பைக் கடந்த வரிசை, சுமையால் நேரத்துக்குள் விடைதராத செருகுநிரல், நிறைந்துபோன வட்டு ஆகியவை வரைபடத்தை வெறுமையாக்கும் காரணங்கள்; அவையே மடல் முடங்குவதன் அடையாளங்களும் ஆகும். எனவே வெறுமை, பேரிடரோடு சேர்ந்தே வரும் வாய்ப்பு மிகுதி.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. வரிசை நீண்டால் எச்சரிக்கை செய்யும் அமைப்பை வைப்பதோடு நிற்றல் போதாது. தரவு குறித்த நேரத்துக்குள் வராவிடினும் எச்சரிக்கை எழ வேண்டும். அந்த எச்சரிக்கை அதே அஞ்சல் வழங்கி வழியே மடலாகச் செல்லும்படி அமைப்பதும் தகாது. முடங்கிய வழங்கியின் வரிசையில் அதுவும் சேர்ந்து, 5 நாள்கள் காத்துக் கிடக்கும்.